"காய் வேணாம்!" என்று அடம் பிடிக்கும் குழந்தைக்குக் கட்டம் போட்ட அப்பம்!

காலை மணி 7. காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு சின்ன வீடு. வீட்டுக்காரர் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டார். அடுப்பில் சோறு கொதிக்கிறது. தாய் கையில் ஒரு கிண்ணம். கிண்ணத்தில் கேரட்டும் பீன்சும் போட்டுப் பிசைந்த பருப்புச் சோறு.

எதிரே இரண்டரை வயதுப் பையன். அவன் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறான்.

"ஒரே ஒரு வாய்டா கண்ணு!" என்று தாய் கெஞ்சுகிறாள்.

"வேணாம்!"

"காக்கா வருது பார்!"

காக்கா வந்தது. போயிற்று. வாய் திறக்கவில்லை.

தாய் ஒரு வாய் திணிக்கிறாள். பையன் நாக்கால் துழாவுகிறான். சோற்றை விழுங்குகிறான். கேரட்டை மட்டும் தனியாகப் பிரித்து வெளியே தள்ளுகிறான். எவ்வளவு கெட்டிக்காரத்தனம்!

திண்ணையில் இருந்து பாட்டி குரல் கொடுக்கிறாள். "ஏம்மா, புள்ளையை அழ வைக்கிற? மீனும் சோறும் குடுத்தா துண்ணுட்டுப் போறான். காய் இல்லாட்டி என்னா?"

"அத்தை, டாக்டர் அம்மா ரத்தம் கம்மின்னு சொன்னாங்களே!" என்கிறாள் தாய். அவள் கண்ணில் நீர் திரண்டு விட்டது.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. திருவொற்றியூரிலும், எண்ணூரிலும், ராயபுரத்திலும் இதே கதைதான். உங்கள் வீட்டிலும் இதே கதையாக இருக்கலாம்.

காய் இல்லாவிட்டால் என்ன? பாட்டியின் கேள்விக்குப் பதில் வேண்டும். தாயின் கண்ணீருக்கு வழி வேண்டும். இரண்டையும் பார்ப்போம்.

தண்ணீர் சூழ்ந்த ஊர்

காட்டுப்பள்ளி எங்கே இருக்கிறது? சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது. கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கழியும். தெற்கே கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம். வடக்கே போனால் பழவேற்காடு. எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் மணல் திட்டு இது.

இந்தப் பக்கத்தில் 2001-ம் ஆண்டில் எண்ணூர்த் துறைமுகம் வேலை தொடங்கியது. அதுதான் இப்போது காமராஜர் துறைமுகம். 2013-ம் ஆண்டில் காட்டுப்பள்ளித் துறைமுகம் திறக்கப்பட்டது. கடல் நீரைக் குடிநீர் ஆக்கும் ஆலையும் இங்கே இருக்கிறது. அது 2010-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் கொடுக்கக் கூடிய ஆலை அது.

கடல் நீரைக் குடிநீர் ஆக்கும் ஊரில் கத்தரிச் செடி வளர்க்க நல்ல தண்ணீர் கிடைப்பது அரிது! மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரில் கடல் உப்பு ஏறிவிட்டது. இதை 1960-களின் கடைசியிலேயே கண்டு சொல்லி விட்டார்கள்.

ஆகவே இந்தக் கரையில் மீன் சுலபம். நெத்திலி உண்டு. சங்கரா உண்டு. இறால் உண்டு. நண்டு உண்டு. காய்கறியோ மீஞ்சூரில் இருந்தும், பொன்னேரியில் இருந்தும், கோயம்பேட்டில் இருந்தும் வண்டி ஏறி வர வேண்டும். வரும்போதே பாதி வாடி விடும். விலையும் கூடி விடும்.

வீட்டில் காய் குறைந்தால் குழந்தையின் கண்ணுக்கும் அது பழகாது. பழகாத பண்டம் வாய்க்குள் போகாது. அடம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாட்டி சொல்வது பாதி உண்மை

பாட்டி சொன்னது முழுத் தவறு அல்ல. மீன் நல்ல உணவு. சதை வளர்க்கும் புரதம் அதில் இருக்கிறது. முள்ளோடு தின்னும் நெத்திலியில் சுண்ணாம்புச் சத்தும் இருக்கிறது.

ஆனால் மீனில் இல்லாதவை சில உண்டு. நார்ச் சத்து மீனில் இல்லை. அதனால்தான் காயே தின்னாத குழந்தைக்கு மலச்சிக்கல் வருகிறது. வைட்டமின் 'சி' சமைத்த மீனில் இல்லை என்றே சொல்லலாம். அது தக்காளியில் இருக்கிறது. எலுமிச்சையில் இருக்கிறது. நெல்லிக்காயில் ஏராளமாக இருக்கிறது. கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் 'ஏ' சத்தை கேரட்டும், பரங்கிக்காயும், முருங்கைக் கீரையும் தருகின்றன.

ரத்த சோகை விஷயத்துக்கு வருவோம். தேசிய குடும்ப நல ஆய்வு என்று ஒன்று நாடு முழுவதும் நடக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த ஆய்வின் கணக்கு என்ன தெரியுமா? தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குள் உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்த சோகை! பாதிக்கு மேல்!

ரத்த சோகை பிடித்த குழந்தை சோர்ந்து கிடக்கும். பசி எடுக்காது. பசி எடுக்காததால் சாப்பிடாது. சாப்பிடாததால் சோகை கூடும். செக்கு மாடு போல ஒரே வட்டம்!

இங்கே ஒரு அதிசயம் உண்டு. கீரையிலும் பருப்பிலும் இரும்புச் சத்து இருக்கிறது. ஆனால் உடம்பு அதை லேசில் எடுத்துக்கொள்ளாது. கூடவே புளிப்பான தக்காளியோ எலுமிச்சையோ சேர்ந்தால் நன்றாக எடுத்துக்கொள்ளும். கூடவே கொஞ்சம் மீன் சேர்ந்தாலும் அப்படியே!

பாட்டியின் மீனும் வேண்டும். தாயின் கீரையும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ரத்தம் ஊறும். மாமியாரும் மருமகளும் இதில் சண்டை போட வேண்டியதே இல்லை!

ஏன் இந்த அடம்?

பிறக்கும்போது 3 கிலோ இருக்கும் குழந்தை ஒரு வயதில் ஏறக்குறைய 9 கிலோ ஆகிறது. மூன்று மடங்கு! ஆனால் இரண்டாவது ஆண்டில் அது கூடுவது சுமார் இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறையும். இது இயற்கை. தாய்க்கு இது தெரியாது. "நேற்று வரை நன்றாகத் தின்றானே, இன்று என்ன ஆயிற்று?" என்று பதறுகிறாள்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒன்றரை, இரண்டு வயதில் குழந்தை தானாக நடமாடத் தொடங்குகிறது. கண்டதை எல்லாம் வாயில் போட்டால் ஆபத்து. அதனால் புதுப் பண்டத்தைக் கண்டு பயப்படும் குணத்தை இயற்கையே அதற்குக் கொடுத்திருக்கிறது. இரண்டு வயது முதல் ஆறு வயது வரை இந்தக் குணம் அதிகமாக இருக்கும். பிறகு மெல்ல மெல்லக் குறையும்.

நாக்கின் கதையும் உண்டு. இனிப்பைப் பிறந்த குழந்தையே விரும்பும். தாய்ப்பால் இனிப்புத்தானே? கசப்பைப் பிறந்த குழந்தையே துப்பும். கீரையிலும் காயிலும் லேசான கசப்பு உண்டு. அதைப் பழக்கித்தான் ஏற்றுக்கொள்ள வைக்க வேண்டும்.

ஒரு புதுக் காயைக் குழந்தை ஏற்றுக்கொள்ள 8 முறை முதல் 15 முறை வரை அதைப் பார்க்க வேண்டும், தொட வேண்டும், சுவைக்க வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் இப்படிச் சொல்லுகிறார்கள். நாமோ மூன்றாவது முறையிலேயே, "இவனுக்கு இது பிடிக்காது" என்று முடிவு கட்டி விடுகிறோம்!

15 குழந்தைகளின் கதை

அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்று ஒரு பெண் டாக்டர் இருந்தார். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு அவர் ஒரு சோதனை செய்தார். தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளை எடுத்துக்கொண்டார். முப்பதுக்கு மேற்பட்ட உணவு வகைகளை அவர்களுக்கு என்று ஒதுக்கினார். தானியம், காய், பழம், பால், முட்டை, மாமிசம் எல்லாம் அதில் உண்டு. அவற்றில் சிலவற்றை மாற்றி மாற்றி வேளைதோறும் குழந்தை முன் வைத்தார்கள்.

நர்சுகளுக்கு ஒரே ஒரு கட்டளை. "இதைத் தின்னு" என்று சொல்லக் கூடாது. "நல்ல பிள்ளை" என்று புகழக் கூடாது. குழந்தை கை நீட்டினால் மட்டும் கொடுக்க வேண்டும்.

என்ன நடந்தது? ஒரு குழந்தை தின்றதைப் போல இன்னொரு குழந்தை தின்னவில்லை. ஒரு நாள் ஒன்றையே தின்னும். மறு நாள் வேறு ஒன்றைத் தின்னும். ஆனாலும் எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தன!

இதைக் கேட்டதும், "அப்படியானால் பிஸ்கட்டே தின்னட்டும்" என்று விட்டுவிடக் கூடாது. டேவிஸ் அம்மையார் வைத்த தட்டில் பிஸ்கட் இல்லை. மிட்டாய் இல்லை. சர்க்கரையும் இல்லை. நல்ல உணவு மட்டும்தான் இருந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. தட்டில் எதை வைப்பது, எப்போது வைப்பது என்பது தாயின் பொறுப்பு. எவ்வளவு தின்பது என்பது குழந்தையின் பொறுப்பு. இருவரும் அவரவர் வேலையைச் செய்தால் வீட்டில் சண்டை பாதி குறையும்.

வாஃபிள் என்றால் என்ன?

இப்போது வழிக்கு வருவோம். குழந்தை காயைக் கரண்டியில் கண்டால் ஓடுகிறது. அதே காயைக் கையில் பிடித்துக் கடிக்கும்படி, மொறுமொறு என்று, பார்க்க அழகாகக் கொடுத்தால்?

கொடுத்துப் பாருங்கள்! அதுதான் காய்கறி வாஃபிள்.

வாஃபிள் என்பது கட்டம் கட்டமாகக் குழி விழுந்த அப்பம். இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே மாவை ஊற்றி மூடிச் சுடுவார்கள். தகட்டில் உள்ள கட்டங்கள் அப்பத்தில் பதியும். பார்ப்பதற்குத் தேனடை போல இருக்கும். மேலே மொறுமொறு. உள்ளே மெதுமெது.

மேல் நாட்டில் பல நூற்றாண்டுகளாக இதைச் சுடுகிறார்கள். அந்தக் காலத்தில் நீளமான கைப்பிடி போட்ட இரும்புத் தகடுகளை நெருப்பில் காட்டிச் சுட்டார்கள். 1869-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி அமெரிக்காவில் கார்னீலியஸ் ஸ்வார்ட்வவுட் என்பவர் அடுப்பின் மேல் வைத்துத் திருப்பும் வாஃபிள் கருவிக்கு உரிமை பெற்றார். பிறகு மின்சாரக் கருவி வந்தது. இப்போது நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது.

வாஃபிள் என்ற சொல் டச்சு மொழிச் சொல். டச்சுக்காரர்கள் இந்தக் கரைக்கு அந்நியர்கள் அல்ல. காட்டுப்பள்ளிக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டில் 1613-ம் ஆண்டிலேயே அவர்கள் கோட்டை கட்டினார்கள். அதற்குக் கெல்ட்ரியா என்று பெயர். அவர்களுடைய பழைய கல்லறைத் தோட்டத்தை இன்றும் அங்கே காணலாம்.

டச்சுக்காரர்கள் இலங்கைக் கரையையும் ஆண்டார்கள். அங்கே சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்களவர்கள் 'கொக்கிஸ்' என்று ஒரு பலகாரம் செய்கிறார்கள். பெயர் டச்சுப் பெயர். பலகாரமோ நம் அச்சு முறுக்கின் தங்கை! ஆகவே அச்சில் வார்த்த பலகாரம் நமக்குப் புதிது அல்ல. காயை அதில் சேர்ப்பதுதான் புதிது.

செய்வது எப்படி?

மேல் நாட்டார் மைதாவும், வெண்ணெயும், சர்க்கரையும் போடுகிறார்கள். நமக்கு அது வேண்டாம். வீட்டில் இருக்கும் இட்லி மாவே போதும்.

வேண்டிய சாமான்கள்: புளித்த இட்லி மாவு 2 டம்ளர். துருவிய கேரட் கால் டம்ளர். துருவிய பரங்கிக்காய் கால் டம்ளர். ஆய்ந்து பொடியாக நறுக்கிய முருங்கைக் கீரை ஒரு கைப்பிடி. சின்ன வெங்காயம் 4, பொடியாக நறுக்கியது. பொட்டுக்கடலை மாவு 2 மேஜைக் கரண்டி. சீரகம் கால் தேக்கரண்டி. மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை. எண்ணெய் 2 தேக்கரண்டி. முட்டை தின்னும் வீடாக இருந்தால் ஒரு முட்டை.

மாவில் ஏற்கெனவே உப்பு இருக்கும். மேலும் உப்புப் போட வேண்டாம். மிளகாயும் வேண்டாம்.

முதலில் வாணலியில் அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு, வெங்காயத்தையும் கீரையையும் சுருள வதக்குங்கள். வதக்கினால் பச்சை வாடை போய்விடும். குழந்தை முகம் சுளிக்காது. துருவிய பரங்கிக்காயைக் கையால் லேசாகப் பிழிந்து கொள்ளுங்கள். நீர் இருந்தால் வாஃபிள் சொதசொத என்று ஆகிவிடும்.

வதக்கியது ஆறட்டும். பிறகு எல்லாவற்றையும் மாவில் போட்டுக் கலக்குங்கள். மாவு கெட்டியாக இருக்க வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் தொப்பென்று விழ வேண்டும். தண்ணீராக ஓடினால் இன்னும் ஒரு கரண்டி பொட்டுக்கடலை மாவு சேருங்கள்.

கருவியை நன்றாகச் சூடாக்குங்கள். இதில் அவசரம் கூடாது. சூடு போதாவிட்டால் மாவு ஒட்டிக் கொள்ளும். இரண்டு தகடுகளிலும் எண்ணெய் தடவுங்கள். நடுவில் மாவை ஊற்றி, முக்கால் பாகம் வரை பரப்பி, மூடுங்கள். முழுவதும் ஊற்றினால் ஓரத்தில் வழியும்.

மூடியதும் ஆவி புஸ்ஸென்று வரும். 6 முதல் 8 நிமிடம் ஆகும். நடுவில் திறந்து பார்க்காதீர்கள்! திறந்தால் அப்பம் இரண்டாகப் பிய்ந்து மேலே பாதி, கீழே பாதி என்று ஒட்டிக் கொள்ளும். ஆவி அடங்கியதும் திறக்கலாம். ஆவி நின்றது என்றால் உள்ளே ஈரம் வெந்து விட்டது என்று அர்த்தம்.

எடுத்ததும் தட்டில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். வியர்த்து மெத்தென்று ஆகிவிடும். கம்பி வலை மேல் அல்லது சல்லடை மேல் வையுங்கள். ஆறியதும் விரல் அளவு நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். குழந்தையின் கைக்குப் பிடிக்க வாகாக இருக்கும்.

தொட்டுக்கொள்ளத் தக்காளிச் சட்னி. காரம் வேண்டாம். கட்டத்துக் குழிகளில் சட்னி தேங்கி நிற்கும். குழந்தைக்கு அது ஒரு விளையாட்டு. தாய்க்கு அது வைட்டமின் 'சி'!

மீன் வாஃபிள்!

மீன் மட்டும் தின்னும் பிள்ளைக்கு ஒரு தந்திரம் உண்டு. சங்கரா மீனை ஆவியில் வேக வையுங்கள். முள்ளை ஒன்று விடாமல் எடுங்கள். விரல்களால் இரண்டு தடவை தடவிப் பாருங்கள். பிறகு உதிர்த்து, கால் டம்ளர் அளவு அதே மாவில் சேருங்கள்.

வாஃபிள் வேகும்போதே வீடு முழுவதும் மீன் வாடை வரும். பையன் தானாக அடுப்பங்கரைக்கு வந்து நிற்பான். தெரிந்த வாடையோடு தெரியாத காய் உள்ளே போகும். புது ஆளைத் தெரிந்த ஆள் கூட்டி வந்தால் வீட்டுக்குள் விடுகிறோம் அல்லவா? அது போலத்தான்.

முதல் வாரம் மீன் அதிகம், காய் கொஞ்சம். இரண்டாம் வாரம் சரிக்குச் சரி. மூன்றாம் வாரம் காய் அதிகம். படிப்படியாக மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் கண்டுபிடித்து விடுவான்!

கருவி இல்லையா? கவலை வேண்டாம்!

"மின்சாரக் கருவிக்கு நான் எங்கே போவேன்?" என்று கேட்கிறீர்களா?

பணியாரக் கல் இருக்கிறதா? அது போதும். இதே மாவைக் குழிக்கு முக்கால் அளவு ஊற்றுங்கள். மூடி வைத்து, சிறு தீயில் இரு புறமும் சுடுங்கள். குழந்தையின் உள்ளங்கைக்கு அளவான உருண்டைகள் வரும். சத்தில் ஒரு குறையும் இல்லை. வயது குறைந்த பிள்ளைக்கு அதை நாலாகப் பிட்டுக் கொடுங்கள்.

அதுவும் இல்லையா? தோசைக் கல் இல்லாத வீடு உண்டா? கெட்டியாக ஊற்றி, கரண்டிக் காம்பால் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுங்கள். கட்டம் வந்துவிடும். மூடி போட்டு வேக விட்டால் குழந்தைக்கு அதுவே வாஃபிள்.

நம் பாட்டிமார் இதைப் பெயர் வைக்காமலேயே செய்தார்கள். கேழ்வரகு அடை அதுதானே? கேழ்வரகு மாவு, முருங்கைக் கீரை, வெங்காயம். வெந்நீர் விட்டுப் பிசைந்து தட்டிப் போட்டால் அடை. மோர் விட்டுக் கரைத்து, அரை மணி நேரம் ஊற வைத்து, இரண்டு கரண்டி அரிசி மாவு சேர்த்து அச்சில் வார்த்தால் வாஃபிள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை!

ஏமாற்றலாமா?

"காயை ஒளித்து வைத்துக் கொடுக்கிறோமே, இது ஏமாற்று வேலை அல்லவா?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி.

இன்று குழந்தையின் வயிற்றில் சத்து சேர வேண்டும். அதற்கு ஒளிப்பது தவறு அல்ல. ஆனால் எப்போதும் ஒளித்தால் குழந்தைக்குக் காயின் முகமே தெரியாது. பத்து வயதிலும் கேரட்டைக் கண்டு ஓடும். ஒரு நாள் கண்டுபிடித்து விட்டால் வாஃபிளையும் நம்பாது. தாயையும் நம்பாது.

ஆகவே வாஃபிளை ஒரு பாலமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மையாக அரைத்துச் சேருங்கள். பிறகு துருவிச் சேருங்கள். பிறகு கண்ணுக்குத் தெரியும்படி நறுக்கிச் சேருங்கள். ஒவ்வொரு நாளும் தட்டின் ஓரத்தில் வேக வைத்த கேரட் ஒரு துண்டு வையுங்கள். "தின்னு" என்று சொல்லாதீர்கள். நீங்கள் அதை எடுத்துத் தின்னுங்கள். அது போதும். குழந்தையின் கண் உங்கள் வாயைத்தான் பார்க்கும்.

மாவு கலக்கும்போது குழந்தையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கீரை ஆயச் சொல்லுங்கள். பாதியைக் கீழே போடும். போகட்டும்! தன் கை பட்ட பண்டத்தைக் குழந்தை துப்ப யோசிக்கும்.

செய்யக் கூடாதவை

அடித்து ஊட்டக் கூடாது. மூக்கைப் பிடித்துத் திணிக்கக் கூடாது. புரை ஏறினால் உயிருக்கே ஆபத்து.

"காய் தின்றால் சாக்லேட் தருகிறேன்" என்று ஆசை காட்டக் கூடாது. அப்படிச் சொன்னால் காய் தண்டனை, சாக்லேட் பரிசு என்று குழந்தை நினைத்துவிடும்.

செல்போனில் பாட்டுக் காட்டி ஊட்டக் கூடாது. குழந்தை எதைத் தின்கிறோம் என்றே அறியாமல் விழுங்கும். பசியும் தெரியாது. வயிறு நிறைந்ததும் தெரியாது.

சாப்பாட்டுக்கு முன் பிஸ்கட்டோ பாலோ கொடுக்கக் கூடாது. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பசும்பால் குடிக்கும் குழந்தைக்குப் பசி எடுக்காது. இரும்புச் சத்தும் குறையும். டீயில் பிஸ்கட் நனைத்துக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை டீ தடுத்துவிடும்.

முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட் துண்டு இவற்றை 5 வயதுக்குள் கொடுக்கக் கூடாது. தொண்டையில் அடைத்துக் கொள்ளும். வாஃபிள் துண்டும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுங்கும்படி மெதுவாக இருக்க வேண்டும். ஓரம் கருகிக் கெட்டியாக இருந்தால் வெட்டி எடுத்து விடுங்கள். குழந்தை உட்கார்ந்து தின்னட்டும். ஓடிக்கொண்டு தின்ன வேண்டாம்.

மின்சாரக் கருவியின் மேல் மூடியும் கொதிக்கும். குழந்தையின் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஒயர் தொங்கக் கூடாது. இழுத்தால் தலையில் விழும்.

ஊரே ஊட்டிய கதை

குழந்தைக்கு ஊட்டுவது தாயின் கவலை மட்டும் அல்ல. ஊரின் கவலையும்தான். தமிழ்நாடு அதைச் செய்து காட்டியிருக்கிறது.

1920-ம் ஆண்டு. சென்னை நகரசபைத் தலைவர் சர். பிட்டி. தியாகராயர். வடசென்னை வண்ணாரப்பேட்டைக்காரர். ஆயிரம் விளக்கில் உள்ள நகரசபைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்க நகரசபை முடிவு செய்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் ஆகக் கூடாது என்பது கணக்கு.

1956-ம் ஆண்டில் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் எங்கும் பரப்பினார். 1982-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதில் 2 வயதுப் பால்வாடிக் குழந்தைக்கும் இடம் கிடைத்தது. 2022-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டத்தை மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அதில் காய்கறி சாம்பார் உண்டு. காய்கறிக் கிச்சடியும் உண்டு.

பால்வாடியில் ஓர் அதிசயத்தைப் பார்க்கலாம். வீட்டில் கேரட்டைத் துப்பும் பிள்ளை அங்கே தின்னும்! ஏன்? பக்கத்துப் பிள்ளை தின்கிறது. யாரும் கெஞ்சவில்லை. யாரும் மிரட்டவில்லை. வீட்டிலும் அப்படியே செய்தால் என்ன? அப்பா, அம்மா, பாட்டி எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். எல்லோர் தட்டிலும் அதே பண்டம் இருக்கட்டும்.

6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு வாரம் இரண்டு முறை இரும்புச் சத்து மருந்து கொடுக்கும் அரசுத் திட்டமும் உண்டு. பால்வாடியிலோ கிராம சுகாதார நர்சிடமோ கேளுங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

அடம் பிடித்தாலும் ஓடியாடி விளையாடும் குழந்தையைப் பற்றிப் பயம் வேண்டாம். ஆனால் எடை ஏறாமல் நின்றாலோ, குறைந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். உள்ளங்கையும் கண் இமையின் உள்பக்கமும் வெளுத்திருந்தால் காட்டுங்கள். மண், சுண்ணாம்பு தின்றால் காட்டுங்கள். விழுங்கும்போது அடிக்கடி புரை ஏறினாலும் காட்டுங்கள். வாஃபிள் மருந்து அல்ல. அது உணவு. சோகைக்கு மருந்து வேண்டும் என்று டாக்டர் சொன்னால் கொடுத்தே ஆக வேண்டும்.

மீண்டும் அந்த வீடு

காட்டுப்பள்ளி வீட்டுக்குத் திரும்புவோம்.

பணியாரக் கல்லில் மாவு வேகிறது. உள்ளே சங்கரா மீன். பரங்கிக்காய். முருங்கைக் கீரை. வாடை திண்ணை வரை போகிறது.

தாய் கெஞ்சவில்லை. தட்டில் மூன்று உருண்டைகளைப் பிட்டு வைத்தாள். ஓரத்தில் ஒரு துண்டு கேரட். தானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். பாட்டிக்கும் ஒரு தட்டு.

பையன் பார்த்தான். முகர்ந்தான். ஒரு துண்டை எடுத்தான். கடித்தான்.

"ஆயா, மீனு!" என்றான்.

"ஆமாண்டா ராசா, மீனுதான். உள்ளே கீரையும் இருக்கு" என்றாள் பாட்டி.

பையன் யோசித்தான். இன்னொரு கடி கடித்தான். கேரட் துண்டை விரலால் தொட்டான். எடுக்கவில்லை. தள்ளவும் இல்லை.

தாய் ஒன்றும் சொல்லவில்லை. மனசுக்குள் எண்ணிக் கொண்டாள்.

இது முதல் நாள். இன்னும் பதினாலு நாள் இருக்கிறது!